ஆறு என்றொரு பெயர்ச்சொல்

அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவமனையொன்றில் செவிலியாக இருக்கும் என் அண்ணன் மகள், வேலைநேரம் போக எஞ்சிய பொழுதில் அந்நாட்டின் பழைய பாஷையாகிய ஐரிஷ் மொழியைக் கற்றுவருகிறாள். ஆங்கிலம் ஒன்றைக் கொண்டே அங்கே ஆயுள் முழுவதும் காலந்தள்ளிவிடலாம் என்றாலும், ஊர்ப் பலகைகளிலெல்லாம் ஆங்கிலத்துக்கு மேலே சாய்ந்த எழுத்தில் நிற்கும் அந்த இன்னொரு மொழி என்ன சொல்கிறது என்று தெரியாமலே தினந்தோறும் அதன் கீழே நடந்துபோவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தவள், நலம் விசாரிப்பதற்கு முன்பே தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"சித்தப்பா, இங்க ஆத்துக்கு ஒரு வார்த்தை இருக்கு, ‘ஔன்’னு சொல்லணும். அது பொம்பளையாம். ஆனா தண்ணி ஆம்பளையாம்! அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடி ஒரு எழுத்து சேருது, பின்னாடி ஒரு எழுத்து மாறுது. நம்ம ஆறு பாட்டுக்கு ஆறுன்னு இருக்கு, ஒரு தொல்லையும் இல்ல."

"தொல்லை இல்லையா? இப்ப நீயே ‘ஆத்துக்கு’ன்னுதானே சொன்னே. ‘ஆறு’ எப்படிம்மா ‘ஆத்துக்கு’ன்னு ஆச்சு?"

"அது தானா வருது சித்தப்பா" என்று சிரித்துவிட்டு, பணிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். தானாக வருவது எவ்வாறு வருகிறது என்று விளக்கப் புகுந்தால் அது தொலைபேசிச் சம்பாஷணையில் அடங்கக்கூடிய விஷயமன்று. ஆகவே அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் முன்னிலையிலேயே விரிவாக எழுதிவைக்கிறேன்.

முதலில் அவளை வருத்தும் அந்தச் சொல்லைச் சற்றுப் பார்ப்போம். ஐரிஷ் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும், உயிருள்ள பொருளைக் குறித்தாலும் சரி, கல்லையும் மண்ணையும் குறித்தாலும் சரி, ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தே தீரவேண்டும். வேற்றுமை அதன்மேல் செய்கிற வேலைகளையெல்லாம் அந்தப் பாலே நிர்ணயிக்கும். தண்ணீருக்கு அவர்கள் வழங்கும் ‘இஷ்க’ என்னும் சொல் ஆண்பாலாதலால், அதன் முன்னே ‘அன்’ என்னும் இடைச்சொல் வரும்போது நடுவில் ஒரு ‘ட்’ ஒலி புகுந்து ‘அன் டிஷ்க’ என்றாகும். ஆற்றைக் குறிக்கும் ‘ஔன்’ பெண்பாலாதலால் அதன்முன் அந்த ‘ட்’ எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் ‘ஆற்றினுடைய’ என்று சொல்ல வேண்டிவந்தால், இடைச்சொல் ‘ந’ என்று உருமாறி, பெயரின் தலையில் ஒரு ‘ஹ’ ஒலி ஏறி, அதன் இறுதி மெய்யும் மென்மை இழந்து தடித்துவிடுகிறது. உலகப் பிரசித்தி பெற்ற விஸ்கி என்னும் பானத்தின் பெயரும் இந்த ‘இஷ்க’விலிருந்து பிறந்ததே, இங்கிலாந்து தேசத்தில் ஏவன் என்ற பெயரில் ஓடும் நதிகள் பலவும் ‘ஔன்’ என்பதன் உறவுமுறைதான். பழைய கெல்திக் ஜனங்கள் ‘ஆறு’ என்று பொதுவாகச் சொன்னதை, பின்னால் வந்த ஆங்கிலேயர் பெயர் என்று எண்ணிக்கொண்டு அதன்மேல் தங்கள் மொழியின் ஆற்றையும் ஏற்றி, ‘ஆறு ஆறு’ என்று பொருள்படும்படி இன்றுவரை அழைத்துவருகிறார்கள். இந்தச் சொல்லின் மூலத்துக்கும், நாம் பஞ்சபூதங்களில் ஒன்றாக எண்ணும் அப்பு என்ற வடசொல்லுக்கும் உறவு காண்போர் உண்டு.

இனி நம்முடைய ஆறு. ஊருக்கே இனிஷியல் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தா.பழூரிலிருந்து தெற்கே சில மைல் போனால் கொள்ளிடம் வந்துவிடும். மதனத்தூரில் பாலம் ஏறி நீலத்தநல்லூரில் இறங்கினால் அரியலூர் மாவட்டம் முடிந்து தஞ்சாவூர் மாவட்டம், அதற்கப்பால் கும்பகோணம். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, வெள்ளக்காலத்தில் அவள் தாங்கமாட்டாத நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் இந்தப் பேராற்றின் பெயரில் ‘ஆறு’ என்ற சொல் இல்லை. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம் என்று ஜனங்கள் பொருள் சொல்லுவார்கள். ஆனால் இதைவிடச் சிறியனவாய், ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும் மருதையாறு, வெள்ளாறு, சின்னாறு ஆகியவையெல்லாம் பெயரிலேயே ஆற்றைச் சுமந்துகொண்டிருக்கின்றன. கொள்ளிடத்து நீரைக் கொண்டு எங்கள் பக்கத்து வயல்களுக்குப் பாயும் பாசன வாய்க்காலுக்கும் பொன்னாறு என்றே பெயர். இத்தனை பெயர் இருந்தும், மாட்டைக் குளிப்பாட்டப் போகிறவன் எவனும் "கொள்ளிடத்துக்குப் போறேன்" என்று சொல்லிக் கேட்பது அருமை. "ஆத்துக்குப் போறேன்" என்பதே வழக்கு. எந்த ஆறு என்ற கேள்வி கரையில் வாழ்கிறவர்களுக்கு எழுவதில்லை.

அந்த ‘ஆத்துக்கு’ என்பதில்தான் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. ‘ஆறு’ என்னும் சொல்லின் இறுதியில் நிற்கும் உகரம் முழு மாத்திரை ஒலிக்காத குற்றியலுகரம். அதற்கு முன்னே தனி நெடில் நிற்பதால் இது நெடில்தொடர்க் குற்றியலுகரம். இத்தகைய சொல் டு, று என்பவற்றுள் ஒன்றில் முடிந்து, அதன்மேல் வேற்றுமை வந்து ஏறினால், அந்த மெய் இரட்டிக்கும் என்பது பவணந்தியார் நன்னூலில் கூறும் விதி. காடு காட்டை என்றாகிறது, வீடு வீட்டில் என்றாகிறது, சோறு சோற்றுக்கு என்றாகிறது. அதே முறையில் ஆறு, ஆற்றை, ஆற்றால், ஆற்றுக்கு, ஆற்றின், ஆற்றில் என்று நடக்கிறது. உருபு வெளிப்படாமல் தொக்கு நின்றாலும் இரட்டிப்பு மறைவதில்லை. ஆற்றுமணல், ஆற்றுப்பாலம், ஆற்றுப்படுகை என்று வேற்றுமையின் அடையாளம் சொல்லின் உடம்பிலேயே நின்றுவிடுகிறது. கரை என்பதோடு சேரும்போது ‘அம்’ என்ற சாரியையும் நடுவே புகுந்து ஆற்றங்கரை என்று இனிமையாக நீள்கிறது. ஆனால் வேற்றுமையல்லாத ஏகாரமோ உம்மையோ வினாவோ வந்தால் சொல் அசைவதில்லை. ‘ஆறும் குளமும் நிரம்பின’ என்கிறோம். ‘ஆறே வற்றிவிட்டது’ என்கிறோம். ‘இதுவா ஆறு, இது ஆறா?’ என்கிறோம். ஆகவே, இச்சொல்லின் றகரம் இரட்டியிருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டே அது வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாதி சொல்லிவிடலாம். என் அண்ணன் மகள் டப்ளினில் பெயரின் முன்னே சேரும் ஒரு ஹகரத்துக்காக வருந்துகிறாளே, நம் பாஷையின் குழந்தைகள் மூன்று வயதில் பெயரின் நடுவே ஒரு மெய்யை இரட்டிப்பதற்குப் பழகிவிடுகின்றன.

இங்கே ஓர் அதிசயம் இருக்கிறது. ஆறு என்பது எண்ணின் பெயருமாகும் அல்லவா? எழுத்திலும் ஒன்றே, ஒலியிலும் ஒன்றே. ஆயினும் எண்ணின் பெயர்மேல் வேற்றுமை ஏறும்போது றகரம் இரட்டிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில், "ஆறுல ரெண்டு போனா நாலு" என்று சொல்லும் அதே பிள்ளை, மறுநிமிஷமே, "ஆத்துல ரெண்டு மாடு போவுது" என்று சொல்லும்; ஒரு தடவைகூட இடம் மாற்றிச் சொல்லாது. பாரதியார் தம் கதைக்கு ‘ஆறில் ஒரு பங்கு’ என்று பெயர் வைத்தார். அதை ‘ஆற்றில் ஒரு பங்கு’ என்று எவரேனும் எழுதினால் நதிநீர்த் தாவாவைப் பற்றிய கதை என்றே நாம் நினைப்போம். சாவைப் பற்றிய பழமொழி ‘ஆறிலும்’ என்கிறது. அளந்து போடச் சொல்லும் பழமொழி ‘ஆற்றில்’ என்கிறது. தொல்காப்பியர் எண்ணுப்பெயர்களுக்கு ‘அன்’ என்னும் சாரியையைக் கொடுத்து வேறு பாதையில் அனுப்பிவிட்டார். அதனால்தான் இலக்கண நூலார் இன்றும் ஆறாம் வேற்றுமை உருபை ‘ஆறனுருபு’ என்கிறார்கள். பவணந்தியாரும், மேலே சொன்ன இரட்டிப்பு விதியைக் கூறும்போது, ‘பெரும்பாலும்’ என்ற பொருள்பட ஒரு சொல்லைப் பெய்து, விலகி நிற்பவற்றுக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். பழைய சூத்திரகாரர்களின் இந்த ஒற்றைச்சொல் ஜாக்கிரதையில் எனக்கு எப்போதும் ஒரு தனிப் பிரீதி உண்டு. இன்னொரு வேறுபாடும் காண்க: எண்ணாகிய ஆறு அறுபது, அறுநூறு, அறுவர் என்று குறுகும் சுபாவமுடையது, நீராகிய ஆறு ஒருநாளும் குறுகாது.

எழுதும்போது ‘ஆற்றில்’ என்பது வாயில் ‘ஆத்துல’ என்று வருவதற்குக் காரணம் றகரத்தின் பூர்வ ஸ்வரூபம். அது ஆதியில், நாக்கின் நுனி மேற்பல்லின் ஈற்றுக்கு மேலே முட்டிப் பிறந்த தனி வல்லினம். அதனால்தான் இலக்கணம் அதைக் கசடதபறவில் வைத்தது. யாழ்ப்பாணத்தாரும் மலையாளத்தாரும் ‘ற்ற’ என்பதை அந்தப் பழைய இடத்திலிருந்து இன்னும் பிறப்பிக்கிறார்கள். ஆற்றுகால், ஆற்றிங்கல் என்ற திருவனந்தபுரத்துப் பக்கத்து ஊர்ப்பெயர்களை அவர்கள் வாயால் கேட்டால் இது விளங்கும். (யாழ்ப்பாணத்தில் இந்த உச்சரிப்பு பிழைத்திருக்கிறதேயொழிய, அங்கே மழைக்காலத்து வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை.) நாங்கள் அதைப் பல்லுக்குக் கீழே இறக்கித் தகரமாக்கிவிட்டோம். அதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்து அக்ரஹாரங்களில், ‘அகம்’ என்பது ‘ஆம்’ என்றும், ‘அகத்துக்கு’ என்பது ‘ஆத்துக்கு’ என்றும் சுருங்கி வீட்டைக் குறிக்கும். எங்கள் பக்கத்தில் ஆத்துக்குப் போகிறேன் என்றவன் துண்டை எடுத்துக்கொண்டு நீராடப் போவான். அங்கே அப்படிச் சொன்னவர் நீராடிவிட்டுச் சாப்பிடப் போவார். இது போதாதென்று, கடைத்தெருவில் டீ மாஸ்டர் இரண்டு குவளைகளைக் கையில் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முழநீளத்துக்குத் தூக்கி ஊற்றிச் செய்வதும் ஆத்துவதுதான்! சூடு ஆறுதல் என்னும் வினை அது. அதிலிருந்தே மனத்துக்குரிய ஆறுதலும் பிறந்தது.

ஆறு என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு, அது வழி. பேச்சில் இது தனிச்சொல்லாக வழங்குவது நின்று எத்தனையோ நூற்றாண்டாயிற்று. ஆயினும், பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்ற பெயரால் வழங்குகின்றன என்பதையும், அந்த ஆறு நீரன்று, பரிசில் பெற்று மீண்டவன் பெறாதவனுக்குக் காட்டும் பாதையே என்பதையும் பள்ளியில் படித்தவர் யாவரும் அறிவர். பாதை என்ற பொருளிலிருந்து முறை, விதம் என்ற பொருள்கள் தோன்றின. இவ்வாறு, அவ்வாறு, எவ்வாறு என்பனவெல்லாம் ‘இந்த வழி, அந்த வழி, எந்த வழி’ என்பவையே. வரல் என்பதோடு ஆறு சேர்ந்து, ஒன்று வந்த வழியைச் சொல்லும் வரலாறு ஆயிற்று. வழக்கு நடந்த வழி வழக்காறு ஆயிற்று. ‘வரலாற்றில்’, ‘வழக்காற்றில்’ என்று இவையும் வேற்றுமையில் றகரத்தை இரட்டிப்பதைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் பாதையாகிய ஆறு நீராகிய ஆற்றோடு ஒரே கட்சி, எண்ணாகிய ஆறு மட்டுமே தனிக்கட்சி.

வழியாகிய இந்த ஆறு செத்துப்போன சொல் என்று நினைப்பவர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலுக்கு ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கவேண்டும். புளியமரத்தடியில் சிறு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர், எதிரே நிற்கும் அம்மாள் "என் வீட்டுப் பட்டா விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கன்னு எழுதுங்க தம்பி" என்று சொல்லிமுடிப்பதற்குள், ‘ஐயா அவர்கள் என்மீது கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று கடைசி வரியை எழுதி, காகிதத்தைத் திருப்பி, அந்த அம்மாள் கைநாட்டு வைப்பதற்கு இடத்தை விரலால் சுட்டிக்காட்டுவார். ‘செய்யும்’ என்னும் பெயரெச்சம் ‘ஆறு’ என்னும் பெயரைக் கொண்டு முடிந்தது ‘செய்யுமாறு’. செய்கிற வழியிலே, செய்கிற விதத்திலே என்பது இதன் நேர்ப்பொருள். ‘பின்வருமாறு’ என்று அறிக்கைகள் தொடங்குவதும் இதுவே. வாய்ப்பேச்சில் இதே இடத்தில் ‘செய்யும்படி’ என்றோ, ‘செய்யற மாதிரி’ என்றோதான் சொல்லுகிறோம். சங்ககாலத்துப் பாணன் நடந்த ஆறு, ஜனங்களின் நாவை விட்டு நீங்கிய பிறகும், சர்க்காருக்குப் போகும் காகிதத்தில் ஆயுள்பலத்தோடு இருக்கிறது.

பாதையும் நீரும் ஒரே சொல்லால் வழங்குவதைக் கண்ட நம் தமிழாசிரியர்கள், மேடைகளில் மிகவும் ரசனையோடு ஒரு விளக்கம் சொல்லுவதுண்டு: நீர் தனக்கென வகுத்துக்கொண்ட வழியே ஆறு, ஆதலின் வழி என்ற பொருளிலிருந்தே நதி என்ற பொருள் வந்தது என்பார்கள். கேட்பதற்கு இதைவிட அழகான உற்பத்தி வேறு இல்லை. மதனத்தூர்ப் பாலத்தின்மேல் நின்று, கோடையில் ஒரு பக்கமாக ஒதுங்கி, மணலில் வளைந்து வளைந்து தனக்கு வேண்டிய தடத்தை மட்டும் ஈரமாக்கிக்கொண்டு போகும் கொள்ளிடத்தைப் பார்க்கிறவனுக்கு இந்த விளக்கத்தை மறுக்க மனம் வராது. ஆனால் பழைய நூல்களைப் புரட்டினால் இந்த அழகுக்கு ஒரு விக்கினம் நேரிடுகிறது. முற்காலத்தில் நதிக்கு வழங்கிய சொல் ‘யாறு’. முல்லை நிலத்துக்குரிய நீரைச் சொல்லும்போது ‘கான்யாறு’ என்பதே உரையாசிரியர்கள் வாக்கு. வழியைக் குறித்ததோ யகரம் இல்லாத ஆறு. யானை ஆனையானதும், யாடு ஆடானதும், யாண்டு ஆண்டானதும், யாமை ஆமையானதும் எம்முறையோ அம்முறையே யாறும் தன் யகரத்தை இழந்து ஆறாயிற்று. இழந்த பிறகுதான் பாதையோடு அதற்கு உருவத்தில் பேதமில்லாமற் போயிற்று.

தெலுங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம்முடைய பழைய ‘யா’ நிற்கும் இடத்தில் தெலுங்கில் பெரும்பாலும் ‘ஏ’ நிற்கும்: யானை அங்கே ஏனுகு, யாண்டு அங்கே ஏடு. அதற்கேற்பவே நதி அங்கே ‘ஏறு’. நம் பாலாற்றைப்போல் அவர்களுக்கு ஒரு பாலேறு உண்டு. முன்னேறு என்று ஒன்றும் உண்டு. ஆனால் எண்ணாகிய ஆறு தெலுங்கிலும் ஆறுதான், ‘ஏறு’ அன்று. மத்திய இந்தியக் காடுகளில் வழங்கும் கோண்டி மொழிக்குப் போனால், ‘ஏர்’ என்பது தண்ணீருக்கே பெயராக இருப்பதையும், எண்ணாகிய ஆறு ‘சாரூங்’ என்று சகரத்தோடு நிற்பதையும் காண்கிறோம். நாம் இழந்துவிட்ட முதல் எழுத்தை வனவாசிகளாகிய அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆக, சகரத்தோடு பிறந்த எண் ஒன்று, யகரத்தோடு பிறந்த நீர் ஒன்று, உயிரோடு பிறந்த வழி ஒன்று. மூன்றும் வெவ்வேறு ஊற்றில் தோன்றி, தலையெழுத்துகளைத் தேய்த்துக்கொண்டே வந்து, தமிழில் ஒரே சொல்லாகச் சங்கமமாகிவிட்டன. பர்ரோ, எமனோ என்ற இரு பேராசிரியர்கள் தொகுத்து 1961இல் வெளிவந்து, 1984இல் திருத்தம் பெற்ற திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை வேறு வேறு இடத்தில் வைத்திருப்பது இதனாலேயே. மேடை விளக்கத்தை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். உற்பத்தியில் உறவு இல்லாதவை, உருவம் ஒன்றான பிறகு, பேசுகிறவன் மனத்தில் உறவு கொண்டாடிவிட்டால் அதுவும் பாஷையின் சரித்திரந்தான். ஆனால் அதை மூலம் என்று சொல்லுவது தகாது.

இந்த ஆராய்ச்சிக்கும் எங்கள் கொள்ளிடக்கரைக்கும் சம்பந்தம் இருப்பது எனக்கு ஒரு தனிக் கர்வம். இதே வடகரையில், எங்களுக்கு மேற்கே திருமானூர் வட்டாரத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில்தான், 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் தங்கி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கொண்டாடினார். அவருக்கு முன்பிருந்த நிகண்டுகள் எல்லாம் செய்யுளாக மனனம் செய்யவேண்டியவை. ஒரு சொல்லின் பொருள் வேண்டுமென்றால் அது வரும் பாட்டு நினைவிருக்கவேண்டும். அதை மாற்றி, அகரவரிசையில் தேடினால் கிடைக்கும்படி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு கூறாகச் சதுரகராதியை அவர் 1732இல் அமைத்தார். பொருளால் ஒரு சொல்லைத் தேடவும், எண்ணால் தொகுத்தவற்றைத் தேடவும் தனித்தனி வாசல்கள்! செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் எழுதிய அதே கையால், ஜனங்கள் வாயில் வழங்கும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். ‘ஆற்றுக்கு’ என்பதும் ‘ஆத்துக்கு’ என்பதும் இரண்டுமே கற்கத்தக்கவை என்று அந்தத் துறவி எண்ணினார்; அதை நம் பண்டிதர் பலர் நெடுங்காலம் வரை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொருவரை என் அண்ணன் மகளுக்காகவே சொல்லவேண்டும். தமிழையும் தெலுங்கையும் கோண்டியையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் சாஸ்திரத்துக்கு 1856இல் தம் ஒப்பிலக்கணத்தால் பலமான அஸ்திவாரம் இட்ட கால்டுவெல், அவள் இப்போது வாழும் அயர்லாந்துத் தீவில், ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளேடி என்னும் ஊரில், 1814இல் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1838இல் சென்னையில் இறங்கி, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அங்கிருந்து ஒருவர் வந்து நம் பெயர்ச்சொற்களை ஆராய்ந்தார். இங்கிருந்து ஒருத்தி போய் அவர்கள் பெயர்ச்சொல்லோடு மல்லுக்கு நிற்கிறாள்.

அவளுடைய பிரதான ஆட்சேபமாகிய பால் விஷயத்துக்கு வருகிறேன். சம்ஸ்கிருதத்தில் நதி பெண்பால். பிரம்மபுத்திரம் போன்ற சிலவற்றை மட்டும் நதம் என்று ஆண்பாலாக்குவார்கள். தமிழில் ஆறு அஃறிணை. அதற்கு மேல் விவாதம் இல்லை. காவிரியைத் தாயென்று கும்பிட்டு, ஆடி பதினெட்டில் கருகமணியும் காதோலையும் மஞ்சள் சரடும் வைத்து மசக்கைக்காரிக்குச் செய்வதுபோல் செய்து, சித்திரான்னங்கள் படைக்கும் பெண்கள்கூட, பூஜை முடிந்து கரையேறியதும் "ஆறு நெறைய போவுது" என்றுதான் சொல்லுவார்களேயொழிய, ‘ஆறு போகிறாள்’ என்று சொல்லமாட்டார்கள். அவளாக இருப்பது காவிரி என்ற பெயர்தான். ஆறு என்ற பொதுச்சொல் எப்போதும் அதுவே. தெய்வமாகக் கருதுவதற்கும் இலக்கணத்தில் பெண்ணாக்குவதற்கும் சம்பந்தமில்லை என்று நம் முன்னோர் திணையைப் பகுத்தபோதே முடிவு கட்டிவிட்டார்கள். ஐரிஷில் பெண்பாலாகிய ஆற்றுக்கு அவ்விதமான மரியாதை ஏதும் இல்லை. அது வெறும் சொல்லின் சுபாவம். இதை அவளுக்குச் சொன்னால் பாதிக் கோபம் தணியும் என்று எதிர்பார்க்கிறேன்.

இறுதியாக, பத்திரிகை படிப்பவர்களுக்கு அடிக்கடி எழும் ஒரு சந்தேகம். ஆறு என்பது ஊரின் பெயராகிவிட்டால் இரட்டிக்கவேண்டுமா? சென்னையில் அடையாறு ஓர் ஆறாகவும் ஒரு பேட்டையாகவும் இருக்கிறது. கடைப் பலகைகள் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘அடையார்’ என்று றகரத்தையே கைவிட்டுவிட்டன. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் அங்கே வசிப்பவரை விசாரித்தால், "அடையாறுல இருக்கேன்" என்பார். "அடையாத்துல" என்றால் நீரில் இருப்பதாக அர்த்தமாகிவிடும் என்ற பயம் போலும். தியாகராஜ ஆராதனைச் செய்தி வரும் தை மாதத்தில், ஒரு பத்திரிகை ‘திருவையாற்றில்’ என்றும் மற்றொன்று ‘திருவையாறில்’ என்றும் அச்சிடுகின்றன. முன்னதே இலக்கணசுத்தம் என்று வித்துவான்கள் கண்டிப்பார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஏனெனில் அவ்வூர்ச் சுவாமியின் திருநாமமே ஐயாறப்பர்; விதிப்படி பார்த்தால் ஐயாற்றப்பர் என்றல்லவா இருக்கவேண்டும்! பெயர் ஊராகி, ஊர் தெய்வமாகிவிட்ட இடத்தில் றகரம் இரட்டாமல் நிற்பது நேற்றைய பத்திரிகைக்காரர் செய்த காரியமன்று. ஆகையால் ‘திருவையாறில்’ என்று எழுதுகிறவரோடு நான் வழக்காடமாட்டேன். ‘மருதையாறில் வெள்ளம்’ என்று எழுதினால் மட்டும் கட்டாயம் ஒரு கார்டு எழுதிப் போடுவேன். மருதையாறு இன்னும் ஆறுதான், ஊராகவில்லை.